செடித் தொட்டியில் குட்டி டிஸ்கஸ்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

டிஸ்கஸ் என்ற தட்டு வடிவ அலங்கார மீன் மீது ஆசைப்படுகிறவர் மனதில் இருக்கும் படம் பெரும்பாலும் ஒன்றுதான்: பச்சைப் பசேலென்ற செடிகள், நடுவே கையகல மீன்கள் ஆறேழு மெதுவாகத் திரும்பித் திரும்பி நீந்துவது. வளர்ந்த மீன்களை வாங்கிவிட்டால் அந்தப் படம் ஓரளவு சுலபமாக அமைந்துவிடும். சின்னதிலிருந்தே வளர்த்துப் பார்க்கலாம் என்று 2 இன்ச் குட்டிகளை வாங்கி நேராகச் செடித் தொட்டியில், அதாவது உயிருள்ள செடி நட்ட மீன் தொட்டியில் விடும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

குட்டி டிஸ்கஸுக்கு நாளைக்கு நாலைந்து வேளை தீனி வேண்டும், 29-30 டிகிரி சூடு வேண்டும், அழுக்கு சேராத தண்ணீர் வேண்டும். செடித் தொட்டியில் மண், வேர், இலை என்று மிச்சத் தீனி ஒளிந்துகொள்ள எத்தனையோ இடம். செடிகளிலும் பெரும்பாலானவை 24-26 டிகிரியில்தான் செழிக்கும். டிஸ்கஸ் வளர்வதில் பெரும்பகுதி முதல் வருஷத்துக்குள் முடிந்துவிடும். அந்தக் காலத்தில் தீனியிலோ தண்ணீரிலோ குறை வைத்தால், பிறகு எவ்வளவு கவனித்தாலும் விட்ட வளர்ச்சி திரும்ப வராது.

ஆகவே மீனுக்காகத் தொட்டியை அமையுங்கள், அதற்கு ஒத்துப்போகிற செடிகளை மட்டும் வையுங்கள். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு கணக்கில் வருவதுதான்.

இரண்டு தொட்டி வேண்டும்

ஒன்று செடித் தொட்டி. இன்னொன்று மண், கல், செடி எதுவுமில்லாத வெறுந்தொட்டி. டிஸ்கஸ் குட்டிகளைப் பெரிய அளவில் வளர்ப்பவர்கள் வெறும் கண்ணாடித் தரைத் தொட்டிகளைத்தான் வைத்திருப்பார்கள். மிச்சத் தீனியும் கழிவும் பளிச்சென்று கண்ணில் படும், இரண்டு நிமிஷத்தில் உறிஞ்சி எடுத்துவிடலாம். நீங்களும் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் வளர்க்கப் போகிறீர்கள். புது மீனைத் தனியே வைத்து நோய் இருக்கிறதா என்று பார்க்கும் காலமும் அதிலேயே அடங்கிவிடும். 100 முதல் 120 லிட்டர் தொட்டி, ஏர் பம்போடு ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் (பஞ்சு வழியாகத் தண்ணீரை இழுத்துச் சுத்தம் செய்வது), ஒரு ஹீட்டர், ஒரு மூடி. இவ்வளவு போதும்.

செடித் தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 20 இன்ச் உயரம் இருந்தால் சுமார் 250 லிட்டர் தண்ணீர் நிற்கும். வளர்ந்த டிஸ்கஸ் ஒன்றுக்கு 40 லிட்டர் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு, அதன்படி ஆறு மீனுக்குச் சரியாக இருக்கும். ஆறுக்குக் குறைவாக வாங்காதீர்கள். இரண்டோ மூன்றோ வாங்கினால், வலுவானது மற்றதைத் தீனிக்கு வரவிடாமல் மூலைக்கு விரட்டிக்கொண்டே இருக்கும். கூட்டமாக இருந்தால் அந்த அடி எல்லோருக்கும் பங்காகிவிடும், ஒரே மீன் மேல் விழாது. வாசல் பக்கமோ ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடமோ வேண்டாம். பின்புறமும் ஒரு பக்கமும் மறைத்துவிட்டால் மீன் சீக்கிரம் பழகும்.

தரையும் செடியும்

சத்து மண் என்று விற்கும் ஆக்டிவ் சாயில் செடிக்கு நல்லதுதான். ஆனால் முதல் சில வாரங்கள் அமோனியாவை விடும். அதன் உருண்டைகளுக்கு நடுவே தீனி இறங்கிவிட்டால் வெளியே எடுக்கவும் முடியாது. இந்தத் தொட்டிக்கு என் தேர்வு சன்னமான மணல்தான், அதுவும் முன்பக்கம் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் வேண்டாம். டிஸ்கஸ் தலையைச் சாய்த்து மணலில் 'ஃபூ' என்று தண்ணீரை ஊதி, கிளம்பி வருகிற துணுக்கைப் பொறுக்கித் தின்னும். சன்ன மணலில் அந்த வேலையைப் பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு. ஜல்லியாக இருந்தால் ஊதியும் பயனில்லை, தீனி அடியில் போய் அழுகும்.

மணலின் நிறத்தையும் யோசிக்க வேண்டும். பிஜன் பிளட் வகையில் வந்த மீன்கள் (சிவப்பு, மஞ்சள், வெள்ளை டிஸ்கஸ் பலவும் இந்த வழிதான்) கருப்புத் தரையில் இருந்தால் உடம்பில் மிளகுத்தூள் தூவியது மாதிரி கரும்புள்ளி வந்துவிடும். அந்த வகையை வாங்குவதாக இருந்தால் வெளிர் மணல் போடுங்கள். நீல டர்க்காய்ஸ், கோபால்ட் போன்றவற்றுக்கு இந்தப் பிரச்சினை அவ்வளவாக இல்லை.

செடியில் பேராசை வேண்டாம். 28-29 டிகிரியைத் தாங்கும் என்று நம்பிப் போடக்கூடியவை: அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், அமேசான் ஸ்வார்ட், வாலிஸ்னேரியா, கிரிப்டோகோரைன் வென்டி. முதல் இரண்டையும் மரக்கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்டிவிடலாம். அவற்றின் கிழங்குத் தண்டை மணலில் புதைத்தால் அழுகும். ஸ்வார்டும் கிரிப்டோவும் வேரில் சாப்பிடுகிறவை. தரையெல்லாம் மண் போடுவதற்குப் பதில் சின்ன மண்சட்டியில் சத்து மண்ணை வைத்து, மேலே மணல் மூடி, அதில் நட்டுவிடுங்கள். சுத்தம் செய்யும்போது சட்டியோடு நகர்த்திக்கொள்ளலாம். கிரிப்டோ இடம் மாறியதும் இலையெல்லாம் கரைந்து போகும். பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், வேர் உயிரோடு இருந்தால் சில வாரத்தில் திரும்பத் துளிர்க்கும்.

தரையில் புல் மாதிரி படரும் கார்ப்பெட் செடிகளைப் படத்தில் பார்த்து மயங்காதீர்கள். அவற்றுக்கு வேண்டிய குளுமையும் வெளிச்சமும் கார்பன் டை ஆக்சைடும் இங்கே ஒத்துவராது. முன்பக்கத்தில் பாதி இடத்தை வெறும் மணலாகவே விடுங்கள். அதுதான் சாப்பாட்டு இடம், அங்கேதான் சைஃபன் (கழிவை உறிஞ்சி எடுக்கும் குழாய்) போடப் போகிறீர்கள்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தேவையே இல்லை என்பது என் கட்சி. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் கரைவதே குறைவு: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரையும், 30 டிகிரியில் 7.6 தான். அதில் வாயுவையும் ஏற்றினால் முதலில் மூச்சு வாங்குவது மீன். மேலே சொன்ன செடிகள் வாயு இல்லாமலே வளரும், மெதுவாக. உரத்திலும் அப்படித்தான். இவ்வளவு தீனி போடும் தொட்டியில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தானாகவே சேர்ந்துவிடும். பொட்டாசியமும் இரும்பும் கொஞ்சம் விட்டால் போதும்.

வெளிச்சம் ஏழெட்டு மணி நேரம், மிதமாக. மேலே கொஞ்சம் மிதக்கும் செடி விட்டால் நிழலும் கிடைக்கும், நைட்ரேட்டையும் அது உறிஞ்சும். இருட்டில் இருக்கும் தொட்டியின் விளக்கைத் திடீரென்று போடாதீர்கள். மீன்கள் பாய்ந்து கண்ணாடியிலும் மரத்திலும் மோதிச் செதில் பெயர்த்துக்கொள்ளும். அறை விளக்கைப் போட்டு, பத்து நிமிஷம் கழித்துத் தொட்டி விளக்கு.

ஃபில்டர், ஹீட்டர், காற்று

செடித் தொட்டிக்குக் கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் டப்பா ஃபில்டர்) நல்லது. தொட்டித் தண்ணீரை மணிக்கு நாலைந்து முறை சுற்றும் திறன் இருக்கட்டும், ஆனால் வேகமாக அடிக்கக் கூடாது. தண்ணீர் வெளிவரும் குழாயைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடுங்கள். உறிஞ்சும் முனையில் ஒரு ஸ்பாஞ்சைச் செருகி, இரண்டு நாளுக்கு ஒருமுறை அதை மட்டும் அலசினால் கேனிஸ்டரை அடிக்கடி திறக்க வேண்டியதில்லை.

ஹீட்டர் லிட்டருக்கு ஒரு வாட் என்ற கணக்கு. 250 லிட்டருக்கு ஒரே பெரிய ஹீட்டருக்குப் பதில் 150 வாட் இரண்டு போடுங்கள். ஒன்று நின்றுபோனால் இன்னொன்று ஓரளவு தாங்கும். ஒன்று அணையாமல் மாட்டிக்கொண்டாலும் தண்ணீர் அவ்வளவு வேகமாகச் சூடாகாது. ஹீட்டரில் போட்டிருக்கும் எண்ணை நம்பாமல் தனி வெப்பமானி வையுங்கள். காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் இரவில் கட்டாயம் ஓட வேண்டும், விளக்கு அணைந்தபின் செடியும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும்.

தொட்டி பழகும் வரை

மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். இதில் குறுக்கு வழி தேடி மீனை இழந்தவர்கள் ஏராளம். அமோனியா, நைட்ரைட் இரண்டும் சுழி என்று தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் தொடர்ந்து காட்டும் வரை காத்திருங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் செடித் தொட்டியைத் தயார் செய்து, வெறுந்தொட்டிக்கு வேண்டிய ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் அதிலேயே ஓடவிடுங்கள். பாக்டீரியா பிடித்ததும் பதினைந்து இருபது கார்டினல் டெட்ராவை விடுங்கள். சூடு தாங்கும், டிஸ்கஸோடு ஒத்துப்போகும் மீன் அது. ஸ்பாஞ்சை வெறுந்தொட்டிக்கு எடுத்துச் சென்று டிஸ்கஸ் குட்டிகளை அங்கே விடுங்கள். அவை அங்கே வளரும் இரண்டு மாதத்தில் இங்கே செடி வேர் பிடித்திருக்கும், டெட்ராக்களில் நோய் இருந்தால் வெளிப்பட்டிருக்கும், பாக்டீரியாவும் பட்டினி கிடந்திருக்காது.

குட்டி தேர்ந்தெடுப்பது

கண்ணைப் பாருங்கள். உடம்போடு ஒப்பிட்டால் கண் பெரிதாகத் தெரிந்தால் அது வயதுக்கு ஏற்ப வளராத மீன். இப்போது 2 இன்ச்சில் அழகாக இருந்தாலும் பிறகு ஏமாற்றிவிடும். உடம்பு நீள்வட்டமாக இல்லாமல் வட்டமாக இருக்க வேண்டும். நெற்றிக்கு மேல் சதை ஒட்டிப்போய்க் கத்தி விளிம்பு மாதிரி இருந்தால் வேண்டாம்.

பிறகு செவுள். இரண்டு பக்கமும் ஒரே சீராகத் திறந்து மூட வேண்டும். ஒரு பக்கம் இறுக்கி மூடிக்கொண்டு மறுபக்கத்தால் மட்டும் மூச்சு விடுகிற குட்டிக்குச் செவுள் புழு இருக்க வாய்ப்பு அதிகம். விற்பவரிடம் கொஞ்சம் தீனி போடச் சொல்லுங்கள். பாய்ந்து வந்து தின்னும் கூட்டத்திலிருந்து தேர்ந்தெடுங்கள். கருத்துப்போய் மூலையில் நிற்பதைப் பரிதாபப்பட்டு வாங்காதீர்கள். ஆறையும் ஒரே இடத்தில், ஒரே சமயத்தில் வாங்குங்கள். வேறு வேறு இடத்து மீன்களைக் கலந்தால் ஒன்றின் கிருமி மற்றதற்குப் பழக்கமில்லாமல் கூட்டமாக நோயில் விழும். 2 இன்ச்சுக்குப் பதில் 3 இன்ச் கிடைத்தால் அதையே எடுங்கள், ஆரம்பக் கஷ்டத்தில் பாதி குறைந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் பையை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமமாக்குங்கள். நெடுந்தூரம் வந்த பையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்ப்பது நல்லதல்ல. பைக்குள் மீன் விட்ட கார்பன் டை ஆக்சைடு தண்ணீரின் பி.எச்.சை (அமில-கார அளவை)த் தாழ்த்தி வைத்திருக்கும். திறந்ததும் அது வெளியேறி பி.எச். ஏறும். அதுவரை அவ்வளவாகத் தீங்கில்லாமல் கிடந்த அமோனியா நஞ்சாகிவிடும். பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால் நச்சு அமோனியாவின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். பையைத் திறந்து பதினைந்து இருபது நிமிஷத்துக்குள் வலையில் எடுத்து விட்டுவிடுங்கள். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் வேண்டாம். அன்று விளக்கும் வேண்டாம், தீனியும் வேண்டாம்.

தீனி

2 இன்ச் குட்டிக்கு நாளைக்கு ஐந்து வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆட்டோ ஃபீடர் உதவும். ஐந்து நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவுதான் போட வேண்டும். நல்ல தரமான சிறு குருணைத் தீனியை அடிப்படையாக வைத்து, ஒரு வேளை உறைந்த ஆர்ட்டீமியா (சிறு உப்புநீர் இறால்), ஒரு வேளை உறைந்த பிளட்வார்ம் (சிவப்புப் புழு) என்று மாற்றிக் கொடுக்கலாம். உறைந்ததைக் கரையவைத்து, வடிகட்டியில் அலசிவிட்டுப் போடுங்கள். அந்தச் சிவப்புச் சாற்றால் மீனுக்கு லாபமில்லை, தண்ணீர்தான் கெடும். உயிருள்ள ட்யூபிஃபெக்ஸ் புழு சாக்கடை நீரில் வளர்வது, நோயைக் கூடவே கொண்டுவரும். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கொழுப்பும் நரம்பும் நீக்கி அரைத்த மாட்டு இதயக் கலவை குட்டிகளை வேகமாக வளர்க்கும் என்று பெயர் பெற்றது. வெறுந்தொட்டியில் தாராளமாகக் கொடுக்கலாம், அரை மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுவதாக இருந்தால். செடித் தொட்டிக்கு மாறியபின் நிறுத்திவிடுங்கள். அது தூள் தூளாகப் பிரிந்து செடிக்கு அடியில் போய்ச் சேர்ந்தால் கைக்கு எட்டாது.

தீனி போடும் நேரம்தான் தலையெண்ணும் நேரம். ஆறும் வந்தனவா, வந்தது வாயில் போட்டதை விழுங்குகிறதா, துப்பிவிட்டு நகர்கிறதா என்று பாருங்கள். செடித் தொட்டியில் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும், ஏனென்றால் பலவீனமான மீன் இலைக்குப் பின்னால் நின்றுகொண்டு நாள்கணக்கில் பட்டினி கிடந்தாலும் உங்கள் கண்ணில் படாது.

தண்ணீர்

வெறுந்தொட்டியில் தினமும் பாதித் தண்ணீர் மாற்றுங்கள். சலிப்பான வேலைதான், வேறு வழியில்லை. செடித் தொட்டிக்கு வந்தபின், வளரும் காலம் முழுக்க ஒன்றுவிட்டு ஒருநாள் மூன்றில் ஒரு பங்கு. கடைசி வேளைத் தீனி முடிந்ததும் முன்பக்க மணலின் மேல் சைஃபனை ஒரு ஓட்டு ஓட்டி கழிவை எடுத்துவிட வேண்டும். நைட்ரேட் 20 பி.பி.எம்.முக்கு (லிட்டருக்கு 20 மில்லிகிராம்) மேல் ஏறினால் தீனியைக் குறைக்காதீர்கள், தண்ணீர் மாற்றுவதைக் கூட்டுங்கள். குட்டியின் வயிற்றில் கை வைத்து டெஸ்ட் கிட்டைத் திருப்திப்படுத்தக் கூடாது.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் குளோரின் நீக்கி கட்டாயம். ஒரு நாள் பிடித்து வைத்தால் குளோரின் போய்விடும், குளோரமின் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது) போகாது. எது இருக்கிறது என்று தெரியாவிட்டால் குளோரின் நீக்கியை ஊற்றிவிடுவதே பத்திரம். புதுத் தண்ணீர் தொட்டிச் சூட்டிலிருந்து ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது.

அமேசான் படுகையில் டிஸ்கஸ் வாழும் தண்ணீர் மென்மையானது (கரைந்த தாதுக்கள் குறைந்தது), அமிலத்தன்மை உள்ளது. அதைப் படித்துவிட்டு பி.எச். குறைக்கும் திரவங்களை வாங்கி ஊற்றுகிறவர்கள் உண்டு. தொட்டியிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்ந்து வந்த குட்டிகளுக்கு பி.எச். 6.5 முதல் 7.5 வரை எதுவானாலும் பரவாயில்லை, அது ஆடாமல் இருக்க வேண்டும். முட்டையிட வைக்கும் காலத்தில் மென்மையைப் பற்றி யோசித்துக்கொள்ளலாம்.

நோய்க்குறி

மீன் கருத்துப்போவது, ஒதுங்கி நிற்பது, தீனியைத் துப்புவது ஆகிய மூன்றில் எதைக் கண்டாலும் முதல் வேலை அமோனியா, நைட்ரைட், சூடு மூன்றையும் பார்ப்பது. பெரும்பாலும் பதில் அங்கேயே கிடைத்துவிடும். மிரண்டால் உடம்பில் குறுக்குக் கோடுகள் கறுத்துத் தெரியும், ஆனால் பிஜன் பிளட் வழி மீன்களில் அந்தக் கோடுகளே இல்லை. அவற்றின் மனநிலையை நடத்தையை வைத்துத்தான் கணிக்க வேண்டும்.

கழிவு வெள்ளையாக, நூல் மாதிரி, பிசின் போலத் தொங்கினால் குடலில் ஹெக்ஸாமிட்டா வகை ஒட்டுண்ணி இருக்கலாம். மெட்ரோனிடசோல் அதற்கான மருந்து, மீன் இன்னும் தின்றுகொண்டிருக்கும்போதே தீனியில் கலந்து கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். ஒரே செவுளால் மூச்சு விடுவது, மரத்தில் உடம்பைத் தேய்ப்பது செவுள் புழுவின் அடையாளம். அதற்கு பிரசிகுவான்டெல். எந்த மருந்தானாலும் வெறுந்தொட்டியில் வைத்துக் கொடுங்கள். உப்பு, தாமிரம் கலந்த மருந்து இரண்டும் செடியைக் கெடுக்கும். வெறுந்தொட்டியைக் காலி செய்துவிட்டோமே என்று யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

ஏஞ்சல் மீன் அழகாகத்தான் இருக்கும், ஆனால் தனக்கு ஒன்றும் ஆகாமல் டிஸ்கஸுக்கு ஆகாத ஒட்டுண்ணிகளைச் சுமந்து வரக்கூடியது, தீனியிலும் முந்திக்கொள்ளும். சேர்க்க வேண்டாம். பாசி தின்னும் உறிஞ்சு மீன்களில் சில, இரவில் டிஸ்கஸின் உடம்புச் சளியைச் சுவைக்கப் பழகிவிடும். தரையைக் கிளற ஸ்டெர்பாய் கோரிடோராஸ் என்ற சிறு கெளுத்தி மீன் நாலைந்து போதும், சூட்டைத் தாங்கும்.

இடம் மாற்றுவது

வெறுந்தொட்டியில் இரண்டு மாதம் முடிந்து, மீன்கள் மூன்றரை இன்ச்சைத் தொட்டு, எல்லாம் கருங்கழிவு போட்டு நன்றாகத் தின்றுகொண்டிருந்தால் மாற்றலாம். நான்கு இன்ச் வரை பொறுக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஆறையும் ஒரே நாளில் மாற்றுங்கள். முதலில் போன மீன் இடத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவதை அடிக்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டரும் கூடவே போக வேண்டும். டெட்ராக்களுக்கு மட்டும் பழகிய பாக்டீரியாவால் ஆறு டிஸ்கஸின் கழிவை உடனே சமாளிக்க முடியாது. முதல் இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒருநாள் அமோனியா பாருங்கள்.

புது இடத்தில் இரண்டு மூன்று நாள் செடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதற்காகத் தீனியை நிறுத்த வேண்டாம், எப்போதும் ஒரே இடத்தில், முன்பக்க மணலில், குறைவாகப் போடுங்கள். ஒன்று துணிந்து வந்தால் மற்றவை தொடர்ந்து வரும். சூட்டை 30-லிருந்து 28.5-க்கு, நாளைக்கு அரை டிகிரி வீதம் இறக்கினால் செடிக்கும் நிம்மதி. தீனியை அதன்பின் நாலு வேளையாகவும், 5 இன்ச்சைத் தாண்டியதும் மூன்றாகவும், வளர்ந்த மீனுக்கு இரண்டாகவும் குறைக்கலாம். தண்ணீர் மாற்றுவதையும் அப்போது வாரத்துக்கு இரண்டு முறையாக்கிக்கொள்ளலாம்.